மேவிஸ் பிடித்த வல்லூறு

"அசையாதீங்க மேவிஸ்! அது உங்க முதுகுலதான் உட்கார்ந்திருக்கு!"

"உட்கார்ந்திருக்கிறது எனக்குத் தெரியாதா? முதுகு என்னோடதுதானே!"

மேவிஸ் டக்கெட் ஈரப் புல்லில் குப்புறப் படுத்திருந்தாள். முழங்கைகள் இரண்டையும் தரையில் ஊன்றி, கேமராவைக் கண்ணில் ஒட்டி வைத்துக்கொண்டு, ஒரு கம்பத்திலிருந்து இன்னொரு கம்பத்துக்குப் பறக்கப்போகும் வெள்ளை ஆந்தைக்காகக் காத்துக் கிடந்தாள். ஆந்தை பறந்தது என்னவோ உண்மைதான். ஆனால் போய்ச் சேர வேண்டிய கம்பத்தை விட்டுவிட்டு மேவிஸைத் தேர்ந்தெடுத்துவிட்டது.

குற்றம் ஆந்தையுடையது என்று சொல்ல முடியாது. மேவிஸ் போட்டிருந்தது பழுப்பு நிறக் கம்பளித் தொப்பி. உச்சியில் ஒரு குஞ்சம் வேறு. மேலேயிருந்து பார்க்கிற ஆந்தைக்கு அது கொழுத்த வயல் எலி.

"பட்டன்! இங்க வா! பட்டன்!" என்று பண்ணைக்காரன் கீத் தோலுறை போட்ட கையை நீட்டிக் கூப்பிட்டான். பட்டன் என்பது ஆந்தையின் பெயர். அது கழுத்தை மட்டும் அவன் பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு, மறுபடி தொப்பியைக் கொத்தத் தொடங்கியது.

கீத் யோசித்தான். இடுப்புப் பையிலிருந்து ஒரு கறித்துண்டை எடுத்து, ஆந்தையின் கண்ணில் படும்படி மேவிஸுக்கு முன்னால் வீசினான். குறி தப்பியது. கறித்துண்டு மேவிஸின் கழுத்துக்குப் பின்னால், மழைச்சட்டையின் முக்காட்டுக்குள் போய் விழுந்தது. பட்டனுக்கு ஒரே கொண்டாட்டம். இருந்த இடத்திலேயே பந்தி.

"கீத், உன்னை நான் அஞ்சாம் வகுப்பிலேருந்து பார்க்கிறேன். பஸ் ஜன்னல் வழியா ஆப்பிள் எறிஞ்சப்பவும் உனக்குக் குறி கிடையாது."

"கொஞ்சம் பொறுங்க மேவிஸ், தின்னுட்டுப் போயிடும்."

"நான் எதுக்குப் பொறுக்கணும்? மாடி பஸ் ஓட்டி ஊரையே ஏத்திக்கிட்டுப் போனவ நான். ஒரு ஆந்தையை ஏத்திக்கிட்டு எந்திரிக்க மாட்டேனா?"

எழுந்தாள். ஆந்தை அவள் முக்காட்டில் சறுக்கி, பிடிமானத்துக்குத் தொப்பியைக் கவ்வி, தொப்பியோடு சேர்ந்து கொட்டகைக் கூரையில் போய் உட்கார்ந்துகொண்டது.

ராஸ்டேல் மலைச்சரிவில் இருக்கிற கீத்தின் பறவைப் பண்ணைக்கு அன்றைக்குப் படமெடுக்க வந்திருந்தவர்கள் மொத்தம் நான்கு பேர். மேவிஸைத் தவிர மற்ற மூவரும் ஆண்கள். ஆளுக்கொரு பீரங்கி லென்ஸ், முக்காலி, புல் நிறத்தில் சட்டை. அவர்களில் தாடி வைத்தவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு, "பறக்கிற ஆந்தையை எடுக்கத்தான் பணம் கட்டி வந்தோம். தொப்பி பிடிச்ச ஆந்தையை இல்ல" என்றார்.

"தொப்பிதானே உங்க கவலை? இதோ" என்று மேவிஸ் அவருடைய முக்காலியைப் பிடுங்கி, அதன் காலை நீட்டி, கூரையில் கிடந்த தொப்பியை நெம்பினாள். தொப்பி வரவில்லை. கூரையோரத் தகரக் குழாய் கழன்று வந்தது. வாரக்கணக்காகத் தேங்கிக் கிடந்த மழைத்தண்ணீர், இலை தழையோடு, தாடிக்காரரின் பீரங்கி மேலேயே கொட்டியது.

ஆந்தை தொப்பியோடு கொட்டகை உத்தரத்துக்குள் போய் மறைந்தது. அன்றைய ஆந்தைப் படலம் அத்துடன் முடிந்தது.

இத்தனைக்கும் மேவிஸுக்கு ஆந்தை மேல் பெரிய ஆசை எதுவும் இல்லை. அவள் பறக்கிற பறவையைத் தேடி வந்த காரணம் வேறு.

பேருந்து ஓட்டுவதை விட்டபிறகு அவள் ஊர்ப் புகைப்படக் கழகத்தில் சேர்ந்திருந்தாள். கழகத் தலைவர் டெஸ்மண்ட் ஃபேரர், பல் மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் பேசினால் இப்போதும் எல்லோரும் வாயைத் திறந்துகொண்டு கேட்பார்கள். போன குளிர்காலக் கூட்டத்தில் மேவிஸ் எடுத்த புறாப் படத்தைத் திரையில் போட்டார். படத்தில் வானம் இருந்தது. மூலையில் ஒரு வால் இருந்தது. புறா இல்லை.

"மேவிஸ், தப்பா எடுத்துக்காதீங்க. பறக்கிற பறவைக்கு நடுங்காத கை வேணும். உங்களுக்குப் பூந்தொட்டி நல்லா வருது. அதையே எடுங்களேன்" என்றார்.

அறையில் சிலர் சிரித்தார்கள். மேவிஸ் தன் வலது கையைப் பார்த்தாள். அது லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. இரண்டு வருடமாகவே அப்படித்தான். அந்த நடுக்கம் வந்த அன்றைக்கு, யாரும் சொல்வதற்கு முன்னால் அவளே போய் பஸ் சாவியைப் பணிமனை மேசையில் வைத்துவிட்டு வந்தாள். அதைப் பற்றி யாரிடமும் பேசியதும் இல்லை, அழுததும் இல்லை. இப்போது ஒரு பல் மருத்துவர் அதை நாலு பேர் நடுவில் போட்டு உடைத்துவிட்டார்.

எழுந்து நின்றாள். "வசந்தகாலக் கண்காட்சியில பறக்கிற பறவை ஒண்ணு என் பேர்ல தொங்கும். புறா கிறா இல்ல. வல்லூறு. இந்தக் கையாலேயே எடுத்தது."

சொல்லிவிட்டாள். சொன்னபிறகுதான் வல்லூறு எவ்வளவு வேகமாகப் பறக்கும் என்று விசாரித்தாள்.

மத்தியானம் கீத்தின் மனைவி ஹேசல் தேநீரும் இறைச்சிப் பணியாரமும் கொண்டுவந்தாள். பண்ணை மூலையில் இருந்த தேநீர்க் குடில் அவளுடைய ராஜ்ஜியம். மேவிஸின் நனைந்த தலையைத் துண்டால் துவட்டிவிட்டு, "பட்டன் உங்க தொப்பிக்குள்ள படுத்துத் தூங்குது மேவிஸ். கூடுன்னு நினைச்சிடுச்சு போல" என்றாள்.

"தூங்கட்டும். வல்லூறு எங்க?"

"கீத் கொண்டு வர்றான். டச்சஸ்ஸுக்கு இன்னிக்கு நல்ல பசி. பசிச்சாத்தான் பறப்பா."

டச்சஸ் வந்தாள். கீத்தின் கைமேல் நிமிர்ந்து உட்கார்ந்து, அங்கே இருந்தவர்களை ஒரு முறை பார்த்தாள். வாடகை பாக்கி வைத்தவர்களை வீட்டுக்காரி பார்க்கிற பார்வை. கால்களில் மெல்லிய தோல்வார்கள். முதுகுச் சிறகில், தொலைந்துபோனால் கண்டுபிடிக்க ஒரு குட்டிக் கருவி.

கீத் அவளைப் பறக்கவிட்டு, பொய்யிரையைக் கையில் எடுத்தான். ஒரு சோடித் தோல் இறக்கை, நடுவில் கட்டிய கறித்துண்டு, நீளக் கயிறு. அதைத் தலைக்கு மேல் சுழற்றச் சுழற்ற, டச்சஸ் உயரத்திலிருந்து பாய்ந்து வருவாள். கடைசி நொடியில் கீத் இரையை இழுத்துக்கொள்வான். அவள் சீறிக்கொண்டு தாண்டிப் போவாள். மறுபடி வருவாள்.

மூன்று பீரங்கிகளும் படபடவென்று வெடித்தன. மேவிஸும் அமுக்கினாள். பார்த்தாள். வானம். இன்னொரு முறை அமுக்கினாள். வானம், கீத்தின் முழங்கை. மறுபடி அமுக்கினாள். தாடிக்காரரின் தாடி.

கை நடுங்குகிறது. கேமராவை எதன் மேலாவது வைத்தால் சரியாகிவிடும் என்று தோன்றியது. சுற்றிப் பார்த்தாள். பக்கத்தில் மேய்ச்சல் நிலத்துக்குப் போகிற மரக்கதவு. அதன்மேல் இரண்டு கையையும் ஊன்றினாள். இன்னும் கொஞ்சம் அசைந்தது. கதவின் கீழ்க்கட்டையில் ஏறி நின்று, உடம்பின் பாரத்தையெல்லாம் அதன்மேல் சாய்த்தாள். இப்போது கல் போல் நின்றது கேமரா.

கல் போல் நின்றதோடு சரி, தாழ்ப்பாள் நிற்கவில்லை.

கதவு மேவிஸைச் சுமந்துகொண்டு ஒரு அரைவட்டம் அடித்து முழுசாகத் திறந்தது. அந்தப் பக்கம் பக்கத்துப் பண்ணைக்காரரின் ஆடுகள் இருந்தன. கதவு திறந்தால் தீனி வரும் என்பது ஆடுகளின் அனுபவம். தீனி வரவில்லையென்றால் தாங்களே போய்ப் பார்த்துக்கொள்வது அவற்றின் கொள்கை. மந்தை மொத்தமும் உள்ளே வந்தது.

"கதவு! கதவைச் சாத்துங்க!" என்று கீத் கத்தினான்.

மேவிஸ் சாத்தினாள். ஆடுகள் எல்லாம் உள்ளே வந்தபிறகு சாத்தியதால், அவை வெளியே போக வழியும் அடைபட்டது.

"திறங்க! திறங்க!"

திறந்தாள். பின்தங்கியிருந்த கிழட்டுக் கடா ஒன்று நிதானமாக உள்ளே வந்தது.

அதன்பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்வது கஷ்டம். முக்காலிகள் சாய்ந்தன. தாடிக்காரர் பீரங்கியைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு வேலிமேல் ஏறினார். சில ஆடுகள் பணியார வாசனை பிடித்துத் தேநீர்க் குடில் பக்கம் ஓட, ஹேசல் உள்ளேயிருந்து கதவைப் படாரென்று சாத்திக்கொண்டாள். கீத் பொய்யிரையைக் கீழே போட்டுவிட்டு ஆடு விரட்ட ஓடினான். ஆடுகளெல்லாம் ஒருவழியாக மேய்ச்சலுக்குத் திரும்பியபோது வானம் காலியாக இருந்தது.

"டச்சஸ்!" கீத் கை குவித்துக் கூப்பிட்டான். சீழ்க்கை அடித்தான். ஒன்றும் இல்லை.

"அந்தக் குட்டிக் கருவி இருக்கே?" என்றார் தாடிக்காரர் வேலிமேல் இருந்தபடி.

கீத் அந்தக் கருவியின் சைகையை வாங்கிக் காட்டும் பெட்டியைத் தட்டிப் பார்த்தான். "பேட்டரி போயிடுச்சு." அவன் முகம் வெளுத்துவிட்டது. டச்சஸை முட்டையிலிருந்து வளர்த்தவன் அவன். "மலைப்பக்கம்தான் போயிருப்பா. வாங்க, ஆளுக்கொரு பக்கம் போய்ப் பார்ப்போம்."

"நானும் வர்றேன்" என்றாள் மேவிஸ்.

கீத் நின்றான். ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னான். "மேவிஸ், உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன். நீங்க எதுவும் செய்யாதீங்க. இங்கேயே நில்லுங்க. ஒண்ணையும் தொடாதீங்க. அது போதும்."

நான்கு பேரும் மேட்டில் ஏறிப் போனார்கள். மேவிஸ் தனியாக நின்றாள்.

அவமானமாக இருந்தது. தான் செய்த குளறுபடி என்பதும் தெரிந்தது. ஆனால் எதுவும் செய்யாதே என்ற சொல் இருக்கிறதே, அதை மட்டும் அவளால் விழுங்க முடியவில்லை. பூந்தொட்டி எடு. ஒன்றையும் தொடாதே. சும்மா நில். இனிமேல் ஆயுசு முழுக்க எல்லோரும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருப்பார்களா?

"சும்மா நிக்கிறதுக்கு நான் என்ன பஸ் ஸ்டாப்பா?" என்று வாய்விட்டே கேட்டாள்.

புல்லில் பொய்யிரை கிடந்தது. எடுத்தாள்.

முதல் சுற்றில் அது அவள் பிடரியிலேயே அறைந்தது. இரண்டாம் சுற்றில் கயிறு காலைச் சுற்றிக்கொண்டது. மூன்றாவது முறை, பெரிய பஸ்ஸின் ஸ்டீயரிங்கை வளைவில் திருப்புகிற மாதிரி, தோளிலிருந்து முழுக்கையையும் விட்டுச் சுழற்றினாள். வந்துவிட்டது. தோல் இறக்கைகள் தலைக்கு மேல் விர்விர்ரென்று சுற்றின.

"டச்சஸ்! ஏய் டச்சஸ்! இறங்குடி கீழே! கடைசி வண்டி கிளம்பப் போகுது!"

ராஸ்டேல் சந்தைக் கூட்டத்தை ஒற்றைக் குரலில் வண்டியேற்றிய தொண்டை அது. மலையில் மோதித் திரும்பி வந்தது.

வானத்தின் ஒரு மூலையில் ஒரு புள்ளி தெரிந்தது. இத்துனூண்டு. அது வட்டமடித்தது. நின்றது. பிறகு இறக்கையை ஒடுக்கிக்கொண்டு கல் மாதிரி விழத் தொடங்கியது.

மேவிஸுக்கு இடது கையில் கயிறு. கழுத்தில் கேமரா. வலது கையால் அதைத் தூக்கினாள். கையை ஊன்ற இடமில்லை, முட்டுக்கொடுக்க ஒன்றும் இல்லை. அவள் உடம்பே கயிற்றோடு சேர்ந்து ராட்டினமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அப்போதுதான் ஒரு விசித்திரம் நடந்தது. மொத்த உடம்பும் ஆடும்போது, கையின் சின்ன நடுக்கம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. சுற்றோடு சேர்ந்து கேமராவும் சுற்றியது. பறவை அந்தச் சுற்றுக்குள் நேராக வந்து விழுந்தது. கண்ணாடிக்குள் இரண்டு கறுத்த கண்கள் அவளையே பார்த்துக்கொண்டு பெரிதாயின.

அமுக்கினாள்.

கயிறு வெடுக்கென்று கையிலிருந்து பறிபோனது. கீத் மாதிரி கடைசி நொடியில் இழுத்துக்கொள்ள அவளுக்குத் தெரியாதே. பறவை பொய்யிரையை அப்படியே அள்ளிக்கொண்டு தேநீர்க் குடிலுக்கு மேலே தாழப் பறந்து, அந்தப் பக்கம் மறைந்தது. மேவிஸ் புல்லில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"கீத்! வந்துட்டா! உன் பொண்ணு வந்துட்டா! குடிலுக்குப் பின்னால போனா!"

மேட்டிலிருந்து கீத் விழுந்தடித்து ஓடிவந்தான். குடிலுக்குப் பின்னால் போனான். திரும்பி வந்தபோது டச்சஸ் அவன் கைமேல் இருந்தாள். தொண்டைப்பை புடைத்து, கண் பாதி செருகி, விருந்து முடித்த கல்யாண வீட்டுச் சம்பந்தி போல இருந்தாள்.

"பின்னால வேலிமேல உட்கார்ந்திருந்தா மேவிஸ். பொய்யிரையை எங்கேயோ போட்டுட்டா. ஆனா கறி பூராத்தையும் தின்னுட்டிருக்கா பாருங்க." அவன் விரலால் டச்சஸின் மார்பைத் தடவினான். "நீங்க கூப்பிடலைன்னா போயே போயிருப்பா."

"சும்மா நில்லுன்னியே?"

கீத் அசடு வழியச் சிரித்தான். மேவிஸின் கேமராவை வாங்கிப் பார்த்தான். அவனுக்குப் பின்னால் தாடிக்காரரும் எட்டிப் பார்த்தார்.

படத்தில் வானம் இல்லை. வல்லூறு மட்டும்தான் இருந்தது. நேருக்கு நேர், இறக்கை மடக்கி, கால்கள் வயிற்றுச் சிறகுக்குள் புதைந்து, அலகின் நுனிகூடத் துல்லியமாக. அதன் கண்ணுக்குள் உற்றுப் பார்த்தால், கயிறு சுழற்றுகிற ஒரு குட்டிக் கிழவி தெரிந்தாள்.

"என்னோட ஆயிரம் படத்துல இப்படி ஒண்ணு இல்ல" என்றார் தாடிக்காரர், அழாக்குறையாக.

கீத் தணிந்த குரலில், "மேவிஸ், கால்வார் வெளியே தெரியலை. காட்டுப் பறவைன்னு சொல்லிடுங்க. ஒரு பயலும் கண்டுபிடிக்க முடியாது. பாதிப் பேரு அப்படித்தான் பண்றாங்க" என்றான்.

"நான் ஏன் சொல்லணும்? டச்சஸ் எடுத்துக் கொடுத்த படம் இது. டச்சஸ் பேர்லதான் தொங்கும்."

அதிலிருந்துதான் அடுத்த சிக்கல் ஆரம்பித்தது.

டெஸ்மண்ட் ஃபேரர் படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார்.

"இது நீங்க எடுத்ததா?"

"இந்தக் கையால."

"எங்கே?"

"கீத்தோட பண்ணையில. அவன் வளர்க்கிற பறவை."

டெஸ்மண்ட் படத்தைத் திருப்பிக் கொடுத்தார். முகத்தில் வருத்தம்கூட இருந்தது. "அப்ப முடியாது மேவிஸ். இயற்கைப் பிரிவுல காட்டுல திரியற பறவைக்குத்தான் இடம். வளர்ப்புப் பறவைக்கு இல்ல. விதி அது."

"வேற பிரிவுல போடுங்க."

"நிலக்காட்சி, முகம், மலர். எதுல போடறது?"

"முகத்துல போடுங்க. மூஞ்சி தெரியுதே!"

"மனுஷ முகம்."

"டெஸ்மண்ட், அது பறக்கிற வேகம் வளர்ப்பு வேகமா? காத்து வளர்ப்புக் காத்தா? இல்ல என் கைதான் வளர்ப்புக் கையா?"

"விதியை நான் எழுதலை."

"அப்ப எழுதினவன்கிட்ட சொல்லுங்க. உங்க மண்டபத்துல இடம் இல்லைன்னா ஊர்ல இடம் இருக்கு."

கண்காட்சி தேவாலய மண்டபத்தில் நடந்தது. மண்டபத்துக்கு நேர் எதிரே பேருந்து நிறுத்தம். கண்ணாடிச் சுவர் வைத்த நிழற்குடை. அதில் விளம்பரம் ஒட்டுகிற சட்டம் மாதக்கணக்காகக் காலியாகக் கிடந்தது. கண்காட்சியன்று காலையில் மேவிஸ் ஒரு மடக்கு ஏணியோடு வந்தாள். படத்தை ஆள் உயரத்துக்கு அச்சடித்திருந்தாள். அதைச் சட்டத்துக்குள் செருகி, கீழே கொட்டை எழுத்தில் ஓர் அட்டை ஒட்டினாள்.

'டச்சஸ். கீத்தின் பண்ணையில் வளரும் வல்லூறு. ஆடுகள் உள்ளே புகுந்த அன்று, எல்லோரும் இவளைத் தேடி மலையேறியிருந்தபோது எடுத்தது. வளர்ப்புப் பறவைதான். அதற்கென்ன?'

முதலில் வந்த பஸ்ஸின் ஓட்டுநர் கதவைத் திறந்து பார்த்தார். பிறகு வண்டியை நிறுத்திவிட்டு இறங்கியே வந்துவிட்டார். "மேவிஸக்கா, என்னையே பார்க்குது!"

"உன்னை இல்ல, என்னைப் பார்த்தது. வண்டியை எடு, பின்னால ஆள் காத்திருக்கு."

வண்டியில் இருந்தவர்களும் இறங்கினார்கள். வண்டிக்குக் காத்திருந்தவர்கள் ஏறவில்லை. மண்டபத்துக்குப் போக வந்தவர்கள் தெருவைக் கடந்து இந்தப் பக்கம் வந்தார்கள். மத்தியானத்துக்குள் நிழற்குடையைச் சுற்றி ஒரே கூட்டம். மண்டபத்துக்குள் கழகச் செயற்குழுவும் ஒரு பெரிய கேக்கும் மட்டும் இருந்தன. சற்று நேரத்தில் செயற்குழுவில் இருவர் கேக்கைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்தார்கள்.

கடைசியில் டெஸ்மண்டே வந்தார். கூட்டம் வழிவிட்டது.

"மேவிஸ், இது கழகத்தை அவமானப்படுத்தறது."

"கழகம் அந்தப் பக்கம் இருக்கு. இது பஸ் ஸ்டாப். இங்க நிக்கறதுன்னா வரிசையில நில்லுங்க."

கூட்டம் சிரித்தது. இந்த முறை சிரிப்பு அவள் பக்கம் இருந்தது. டெஸ்மண்ட் ஏதோ காரமாகச் சொல்ல வாயெடுத்தார். ஆனால் அவர் கண் படத்தின் பக்கம் போய்விட்டது. போனது திரும்பவில்லை.

"உங்களுக்குப் புரியலை" என்றார் சற்றுக் கழித்து, குரலைத் தணித்து. "நான் ஒண்ணும் பொறாமையில சொல்லலை. வளர்ப்புப் பறவை கூப்பிட்டா வரும். அதுக்குப் பயமில்ல. காட்டு வல்லூறு மனுஷனைக் கண்டாலே மைல் தாண்டிப் போயிடும். இந்த மாதிரி, கண்ணுக்குக் கண்ணு பார்த்து ஒரு காட்டு வல்லூறை எடுக்கணும்னு பதினஞ்சு வருஷமா நான் மலை மலையா ஏறி இறங்கறேன். மழையில படுத்து நிமோனியாவே வந்துச்சு. ஒரு தடவைகூடக் கிடைக்கலை. அதனாலதான் ரெண்டையும் ஒண்ணா வைக்க மனசு வரமாட்டேங்குது."

மேவிஸ் அவரைப் பார்த்தாள். மனிதர் உண்மையைத்தான் சொல்கிறார் என்று தெரிந்தது. பாவமாகக்கூட இருந்தது. அதற்காக விட்டுக்கொடுக்க முடியுமா?

"கஷ்டப்பட்டீங்க, ஒத்துக்கறேன். ஆனா நானும் ஆந்தையைச் சுமந்து, ஆட்டுல மிதிபட்டு, பிடரியில அடிவாங்கித்தான் எடுத்தேன். உங்க காட்டுப் பறவைக்கு இது ஒரு சிறகுகூடக் குறைச்சல் இல்ல. இது வளர்ப்புப் பறவை. நான் வளர்ப்புப் பறவைதான் எடுத்தேன். அடுத்த வருஷமும் அதைத்தான் எடுப்பேன். யார் கேட்டாலும் இதே அட்டையைத்தான் காட்டுவேன்!"

நிழற்குடை முழுக்கக் கைதட்டல். பஸ் ஓட்டுநர் வண்டிக்குள் ஏறி ஒலிப்பானை அழுத்தினார்.

அந்தச் சமயம் பார்த்துக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஹேசல் வந்தாள். கீத் வண்டி நிறுத்த இடம் தேடிப் போயிருந்தான். அவள் ஆவலாகப் படத்தைப் பார்த்தாள். அட்டையைப் படித்தாள். படத்தை மறுபடி பார்த்தாள். முகம் மாறியது. ஒரு தடவை திரும்பிப் பார்த்து, புருஷன் பக்கத்தில் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, மேவிஸின் கையைப் பிடித்தாள். காதோடு சொல்வதாகத்தான் அவள் நினைப்பு. டெஸ்மண்டுக்கும் தெருவுக்கும் நன்றாகவே கேட்டது.

"கீத்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க மேவிஸ், வேளை கெட்டுத் தீனி போட்டேன்னு குதிப்பான்! டச்சஸ் ஆட்டுக்குப் பயந்து என் குடிலுக்குள்ள ஓடிவந்து, நீங்க அங்க கத்திக்கிட்டிருந்த நேரம் பூரா என் பக்கத்துல உட்கார்ந்து கோழி தின்னுக்கிட்டிருந்தா. நீங்க கீத்தைக் கூப்பிட்ட சத்தம் கேட்டதும் நான்தான் பின்வாசல் வழியா வேலிமேல கொண்டுபோய் விட்டேன். படத்துல இருக்கிற இவன் எவனோ மலையிலேருந்து வந்த காட்டுப்பயல்!"